சிவப்பு அம்பு

கடைவாய்ப் பல் இரண்டும்
கொத்தாத அம்மியாக வழுவழுத்துக் கிடக்கிறது என்றார்
அவினாசி ரோட்டுப் பல் டாக்டர் அருள்மங்கை.
"பாக்கு மெல்லுவீங்களா?"
இல்லைங்க.
"எலும்பு கடிப்பீங்களா?"
வீட்டுல கறியே எடுக்கறதில்லீங்க.
"அப்ப ராத்திரியில எதைக் கடிக்கறீங்கன்னு
யோசிச்சுப் பாருங்க."
சீட்டில் பெயர் எழுதும்போது
சாந்தாமணிங்களா என்று கேட்டு
லேசாகச் சிரித்தார்.

யோசித்துப் பார்த்தேன்.
போன வாரம் கடித்தது
நாலாயிரத்து எண்ணூறு குழந்தைச் சட்டை,
கழுத்துப் பட்டியில் அரை ஷேடு வெளுப்பு.
அதற்கு முந்தின வாரம்
சாயப்பட்டறையில் சிக்கிய துணி,
ஹாம்பர்க்கில் விடிகிற நேரத்துக்கு
வந்து விழுகிற ஒற்றை வரி மெயில்.
அதற்கும் முன்னால்
சொல்லாமல் நின்றுபோன டெய்லர்கள்,
பையனின் கணக்கு மார்க்,
பரவாயில்லை என்று நான் சொன்ன
அத்தனை பரவாயில்லைகளும்.

மாத்திரை எழுதவில்லை அவர்.
"உதடு ஒட்டலாம், பல்லு ஒட்டக் கூடாது.
செவப்பா ஏதாச்சும்
கண்ணு படற எடத்துலயெல்லாம் ஒட்டி வையுங்க.
பாக்கறப்பெல்லாம் தாடையை விட்டுருங்க."
விடுவதென்றால் எப்படி?
பிடிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

சிவப்புக்கு எங்களிடம் பஞ்சமில்லை.
செக்கிங் டேபிளில் ரோல் ரோலாகக் கிடக்கும்
அம்பு ஸ்டிக்கர்:
ஓட்டையை, எண்ணெய்க் கறையை, விட்டுப்போன தையலை
இங்கே பார் என்று காட்டிக்கொடுப்பது.
கம்ப்யூட்டரில் ஒன்று ஒட்டினேன்.
போனின் முதுகில், டிபன் பாக்ஸ் மூடியில்,
ஸ்கூட்டியின் முள்ளுக்குப் பக்கத்தில்,
பீரோக் கண்ணாடியில்.

க்யூ.சி. சென்னியப்பன்
கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"இதுல என்னங்க்கா டேமேஜு?"
அதுல இல்ல தம்பி,
அதைப் பாக்கறவங்ககிட்ட.

ஒன்றும் நடக்கவில்லை.
அம்பைப் பார்த்ததும் தளரவேண்டுமே என்று
இன்னும் கொஞ்சம் இறுகினேன்.
தளர்வதற்கும் டார்கெட் வைத்தேன்,
நாளைக்கு நாற்பது.
நோட்டில் டிக் போட்டேன்.
முப்பத்தெட்டில் நின்ற நாளில்
தூக்கமே வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை
சாமளாபுரம் குளத்தோரம்
ஆட்டுப் பட்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
பைக்குள் போன் அடித்து ஓய்ந்து
மறுபடி அடித்தது.
கண்டெய்னர் ஏறியதா இல்லையா,
அதுதான், வேறென்ன.
எஞ்சின் அதிர்வில் அம்பும் அதிர்ந்துகொண்டிருந்தது.
சாவியைத் திருப்பினேன்.
அம்பு நின்றது.
அவ்வளவு ஆடுகள் இருக்கும் என்று நினைக்கவில்லை.
முடிந்தது என்று நினைக்கும்போது
வேலிக்குள்ளிருந்து இன்னும் ஏழெட்டு வந்தன.

அப்போது வந்தது ஒரு கொட்டாவி.
காது அடைத்துத் திறந்தது,
கண்ணில் தண்ணீர் கட்டியது,
வாய் மூடவே மறந்து நின்றேன் நடுரோட்டில்.
ஆட்டுக்காரருக்கும் தொற்றிக்கொண்டது.
"ஏனுங்க, எனக்கும் வருது" என்று
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்.
நோட்டில் இதை எப்படிக் குறிப்பதென்று
தெரியவில்லை.
கண்டெய்னர் என்னைக் கேட்காமலே
தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு இரு பக்கமும் விசைத்தறி.
அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம்.
கரண்ட் போய்த் தறி நின்றால்
தெருவே முழித்துக்கொள்ளும்.
அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண் திறந்தால்
இவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.
தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
என்னாச்சுங்க?
"ஒண்ணுமில்ல புள்ள.
ஏதோ நின்னுபோனாப்பல இருந்துச்சு."

தலையணையில் என் வாயோரம்
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.